சுண்ணாம்புக் கம்பம் முதல் பெருமாள் சாலை வரை: ஃபேரர் பார்க் வட்டாரமும் அதன் மக்களும்

(ஆலயத் திருவிழாச் சிறப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இறைவனின் திருவிழா நாளில் ஊரின் கதையைப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். தலபுராணம் என்பது இறைவனின் கதை மட்டுமன்று. அது தலத்தின் கதையும் ஆகும். மரம், குளம், ஆறு, அங்கு வாழ்ந்த இடையன், வேடன், குயவன் ஆகிய அனைவரையும் சொல்லிய பின்னரே புராணம் மூலவரிடம் வந்து சேரும். ஃபேரர் பார்க் வட்டாரத்திற்கும் அப்படி ஒரு தலபுராணம் உண்டு. இதுவரை எவரும் அதனை முழுமையாகப் பாடவில்லை என்பதே குறை.

ஃபேரர் பார்க் பெருவிரைவு இரயில் நிலையத்தைவிட்டு வெளியே வரும் ஒருவர், சுற்றியுள்ள சாலைப் பலகைகளைச் சற்று நின்று படித்துப் பார்க்கட்டும். ரேஸ் கோர்ஸ் சாலை, ஓவன் சாலை, டோர்செட் சாலை, குளோஸ்டர் சாலை, நார்ஃபோக் சாலை, கென்ட் சாலை, ஹேம்ப்ஷயர் சாலை. இவற்றுட் பல இங்கிலாந்து நாட்டு மாவட்டங்களின் பெயர்கள். இன்னும் சற்று நடந்தால் ரங்கூன் சாலையும் மௌல்மீன் சாலையும் வரும். அவை பர்மாவின் ஊர்கள். ஃபேரர் என்பதும் ஓர் ஆங்கிலேயரின் பெயரே. ரோலண்ட் ஜான் ஃபேரர் என்னும் அதிகாரி 1919 முதல் 1931 வரை சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்தவர். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சாலைப் பலகைகளை மட்டும் படித்துச் செல்கிறவர், இவ்வட்டாரத்தில் தமிழன் ஒருவன் கூட மண் சுமந்ததில்லை, மாடு மேய்த்ததில்லை, செங்கல் அறுத்ததில்லை என்று எண்ணிவிடக்கூடும்.

பலகையில் ஏறாத பெயர் ஒன்று உண்டு. சிராங்கூன் சாலையின் தென்பகுதியைப் பழந்தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றழைத்தனர். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் வந்த பெயர் அது. சாலையின் மறுபக்கத்தில் மலாய்க்காரர்கள் சொன்ன 'கம்போங் காப்போர்' என்பதற்கும் பொருள் அதுவே. மலாய்ப் பெயர் ஒரு சாலையின் பெயராக இன்றும் பலகையில் நிலைத்திருக்கிறது. தமிழ்ப் பெயரோ முதியோர் சிலரின் நாவில் மட்டுமே தங்கி, அவர்களோடு மெல்ல மறைந்து வருகிறது.

இந்தச் சுண்ணாம்பு எங்கே போயிற்று என்பதை அறிந்தால் வியப்பு மேலிடும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்மையான சுவர்களைக் காணாதார் இல்லை. 1856இல் தொடங்கி 1860களின் தொடக்கத்தில் நிறைவுற்ற அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். சுவருக்குப் பூசிய சாந்தின் பக்குவத்தைக் கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மேஜர் மெக்நேர் பின்னாளில் எழுதி வைத்துள்ளார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்களாம். 'மெட்ராஸ் சுணாம்' என்று ஆங்கிலேயர் அதற்குப் பெயர் சூட்டினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலை புதியதன்று. 'சுண்ணாம்பு' என்னும் தமிழ்ச் சொல்லே வாய்மாறி ஆங்கில அகராதிக்குள் புகுந்தது என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

கைதிகள் என்றவுடன் சிலருக்கு முகம் சுருங்குவது உண்டு. 'எங்கள் முன்னோர் வணிகர்கள், கங்காணிகள், எழுத்தர்கள்' என்று சொல்லிக் கொள்வதில் உள்ள மகிழ்ச்சி, 'கைதிகள்' என்று சொல்வதில் இருப்பதில்லை. ஆயினும் வரலாறு அவ்வாறு பார்த்துப் பார்த்துப் பரிமாறுவதில்லை. 1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சதுப்பைத் தூர்த்தவர்களும், காட்டை வெட்டிச் சாலை போட்டவர்களும் அவர்களே. 1828ஆம் ஆண்டு நிலப்படத்தில் சிராங்கூன் சாலை ஓர் ஒற்றையடிப் பாதைபோலக் காணப்படுகிறது. அதனை வண்டி செல்லும் சாலையாக ஆக்கிய கைகள் அவர்களுடையவை. சிராங்கூன் சாலையை ஒட்டி அரசாங்கம் அமைத்த செங்கற்சூளைகளில் அவர்கள் அறுத்துச் சுட்ட செங்கற்கள் 1867ஆம் ஆண்டு ஆக்ராவில் நடைபெற்ற பொருட்காட்சியில் பதக்கம் பெற்றன. 1873இல் கைதிச் சிறை மூடப்பட்டது. விடுதலை பெற்றவர்களுள் பலர் ஊர் திரும்பவில்லை. இங்கேயே மாடு வாங்கினார்கள், வண்டி ஓட்டினார்கள், பால் கறந்து விற்றார்கள், குடும்பம் அமைத்தார்கள்.

சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் அடுத்து இவ்வட்டாரத்தை வளர்த்தது மாடு. ரோச்சோர் ஆற்றங்கரையில் நீரும் புல்லும் குறைவின்றிக் கிடைத்தன. சிராங்கூன் என்ற பெயரே சதுப்பில் வாழும் 'ரங்கோங்' என்னும் பறவையால் வந்தது என்பர். எருமைகள் புரண்டு படுக்க இதைவிட நல்ல இடம் வேறேது? 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில். இன்று நாட்டின் எத்தனையோ குழந்தைகள் பிறக்கும் கேகே மருத்துவமனையின் பெயர், அந்த எருமைக் கொட்டிலிலிருந்து வந்ததுதான். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, பெலிலியோஸ் சாலை ஆகிய அனைத்தும் மாட்டு வணிகத்தின் நினைவுகளே. பெலிலியோஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து வந்த யூதர், பெரும் மாட்டு வணிகர். காரைக்காலைச் சேர்ந்த மூனா காதர் சுல்தானும் மாட்டு வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். கிழக்குக் கரையில் அவர் கட்டிய மாளிகைக்குத் தம் சொந்த ஊரின் பெயரையே சூட்டிக் 'காரைக்கால் மகால்' என்றார்.

முதலாளிமார் பெயர் இவ்வாறு நின்றது. ஆனால், விடியற்காலையில் கொட்டிலைக் கழுவியவர், பாத்திரம் சுமந்து வீடு வீடாகப் பால் ஊற்றியவர், புல் அறுத்தவர், தோல் பதனிட்டவர், மாட்டு வண்டியில் துறைமுகத்துச் சரக்கை ஏற்றி வந்தவர் ஆகியோர் பெயர் எங்கே? சதுப்பு வற்றியது, நகரம் நெருங்கியது, சுகாதார விதிகள் இறுகின. 1930களில் மாட்டுத் தொழில் இவ்வட்டாரத்தை விட்டு ஏறக்குறைய ஒழிந்தது. கொட்டில்கள் போயின, அவற்றில் வேலை செய்தவர்கள் போகவில்லை. அவர்களிற் பலர் நகராண்மைக் கழகத்தில் சாலை போடவும், கால்வாய் கழுவவும், குப்பை அள்ளவும் வேலைக்குச் சேர்ந்து, கழகத்தின் கூலி லயன்களில் குடியேறினர்.

இனி, திடலுக்கு வருவோம். 1842இல் வெள்ளையர்கள் சேர்ந்து விளையாட்டுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, இவ்விடத்தில் குதிரைப் பந்தயத் திடலை அமைத்தனர். 1843ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் பந்தயம் நடைபெற்றது. முதற் கோப்பையின் பரிசு 150 வெள்ளி. தொண்ணூறு ஆண்டுகள் இங்கே குதிரைகள் ஓடின. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பின்னரும் 'ரேஸ் கோர்ஸ் சாலை' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. மேடையில் இருந்து பார்த்தவர்கள் துரைமார்களும் செல்வர்களும். குதிரையைக் குளிப்பாட்டிக் கொள்ளு வைத்தவர்களோ பாவியான் தீவிலிருந்து வந்த மலாய் வகுப்பினரும் இந்தியருமாவர். தன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களுக்கும், பந்தயத் திடலில் வேலை செய்த பாவியான் குதிரைக்காரர்களுக்கும் தொழுகைத் தலமாக விளங்கியது. 1907இல் அதன் கட்டுமானத்தைத் தொடங்கி வைத்த ஷேக் அப்துல் கஃபூர், வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தவர். எழுத்தர் ஒருவர் நினைத்தால் இத்தகைய அறம் செய்யலாம் என்பது அலுவலகங்களிற் பணிபுரிவோர் மனத்திற் கொள்ளத்தக்கது.

குதிரைகள் மட்டுமல்ல, விமானமும் இங்கேதான் முதன்முதலாகப் பறந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர் இத்திடலிலிருந்து எழும்பிச் சிங்கப்பூர் வானில் முதன்முதலாகப் பறந்தார். 1919 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித் குழுவினரும் இங்கே இறங்கினர். திடலோ சிறியது, விமானமோ பெரியது. தரையில் ஓடும் தூரத்தைக் குறைப்பதற்காகப் பென்னட் என்னும் பொறிவினைஞர், விமானம் இறங்கிக் கொண்டிருக்கும்போதே வெளியே வந்து, அதன் முதுகின்மேல் ஊர்ந்து வாலருகே சென்று அமர்ந்து கனம் கொடுத்தாராம்! வேலியோரம் நின்று அதைப் பார்த்தவர்களில் பக்கத்துக் கொட்டிலின் பால்காரர்களும் இருந்திருக்க வேண்டும். அன்று மாலை சிராங்கூன் சாலையில் வேறு எந்தப் பேச்சு நடந்திருக்கும்?

இந்தத் திடல் கண்ட மிகப்பெரிய நாள் வேறொன்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்வீரர்களைச் சாங்கிக்குச் செல்லுமாறும், இந்தியப் போர்வீரர்களை மட்டும் ஃபேரர் பார்க்குக்கு வருமாறும் உத்தரவு பிறந்தது. பிப்ரவரி 17ஆம் நாள் ஏறத்தாழ 40,000 முதல் 45,000 வீரர்கள் இத்திடலில் தரையில் அமர்ந்திருந்தனர். கர்னல் ஹண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி, அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதாகச் சொல்லி அகன்றார். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியிற் பேச, அது ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் பெயர்க்கப்பட்டது. பின்னர் கேப்டன் மோகன் சிங் எழுந்து, இந்திய விடுதலைக்கென இந்தியரே நடத்தும் படையில் சேருமாறு அழைத்தார். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து ஊன்றப்பட்டது இவ்வாறே. நேதாஜி 1943இல் வந்த பின்னர் மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிக் கொண்டிருந்த தமிழ் இளைஞர்களும், டாக்டர் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் ஆயிரத்திற்கு மேற்பட்டோராய் அதில் சேர்ந்ததை அனைவரும் அறிவர்.

ஆனால், அந்தத் திடலில் இருந்தோர் அனைவரும் கை உயர்த்தவில்லை என்பதும் உண்மை. உண்ட உப்புக்கும் எடுத்த உறுதிமொழிக்கும் மாறமாட்டோம் என்று மறுத்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுட் பலர் போர்க்கைதிகளாக நியூ கினிக்கும் அதன் அருகிலுள்ள தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்டு, பசியாலும் நோயாலும் அடியாலும் மடிந்தனர். சேர்ந்தவர்களுக்குப் பாட்டும் கொடியும் உண்டு. மறுத்தவர்களுக்கு யார் விளக்கேற்றுகிறார்கள்? இரு சாராரும் ஒரே புல்தரையில் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருந்தவர்களே. ஒருவரைப் போற்றுவதற்காக மற்றவரை மறப்பது நியாயமாகாது.

போருக்குப்பின் அதே திடலில் அரசியற் கூட்டங்கள் நடந்தன. 1955ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மக்கள் செயல் கட்சி இங்கே கூட்டம் போட்டது. 1957இல் நீச்சற் குளம் திறக்கப்பட்டது. பந்து விளையாட்டும், ஓட்டப் பந்தயமும், குத்துச்சண்டையும் இங்கே வளர்ந்தன. 2003இல் நீச்சற் குளம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்டது.

இனி ஆலயங்களைப் பற்றி. சிராங்கூன் சாலையில் ஓர் ஆலமரத்தடியில் பெண்மணி ஒருவர் அம்மன் படம் ஒன்றை வைத்து வழிபடத் தொடங்கியதே, ஸ்ரீ வடபத்திர காளியம்மன் ஆலயத்தின் தோற்றம் என்று ஆலய வரலாறு கூறுகிறது. வடம் என்றால் ஆல்; பத்திரம் என்றால் இலை. அந்தப் பெண்மணியின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர் வைத்த விளக்கு மட்டும் அணையவில்லை. 1935இல் அங்கே கோயிற்கட்டடம் எழுந்தது. சுண்ணாம்புக் கம்பத்துத் தொழிலாளர்களின் தெய்வமாக ஸ்ரீ வீரமாகாளியம்மன் விளங்கினாள்.

பெருமாள் கோயிலின் வரலாற்றில் அலுவலகக் கோப்புகளை அறிந்தவர்கள் மகிழ்ந்து படிக்கத்தக்க குறிப்பு ஒன்று உண்டு. 1851ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 2 ஏக்கர், 2 ரூட், 24 போல் அளவுள்ள நிலத்தை இந்துப் பெரியவர்கள் வாங்கினர். விலை 26 ரூபாய் 8 அணா. தொகை சிறிது என்று இன்று தோன்றலாம். அன்று அவ்விடம் குளங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த ஈர நிலம். துரைமார்கள் விரும்பாத இடம். ஆயினும் அவர்கள் ஆலமரத்தடியோடு நின்றுவிடாமல், அளந்து, பணம் கட்டி, பத்திரம் வாங்கி வைத்தார்களே, அந்த முன்னறிவை என்னவென்பது! நகர் பெருகி, கம்பங்கள் கலைந்து, சாலைகள் அகலமாகி, நிலம் பொன்னாகிய காலத்தில் எத்தனையோ சிற்றாலயங்கள் இடம்பெயர நேர்ந்தது. இக்கோயில் பெயரவில்லை.

1855இல் எழுந்தபோது அது நரசிம்மப் பெருமாள் கோயில். உக்கிர மூர்த்தியைவிடச் சாந்த மூர்த்தியே மக்கள் குடியிருப்பின் நடுவே பொருத்தம் என்று பின்னாளில் அன்பர்கள் கருதியதால், 1960களில் மூலவர் ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆனார். கோயில் வளர்ச்சியிற் பெரும்பங்கு கொண்டவர் ப. கோவிந்தசாமிப் பிள்ளை அவர்கள். மாயவரம் பகுதியிலிருந்து 1905இல் கப்பலேறி வந்து, கடைப் பையனாக வேலை செய்து, செட்டியாரிடம் கடன் வாங்கிக் கடை வைத்து, சேலையும் மளிகையும் விற்று உயர்ந்தவர். அவர் பெயர் தாங்கிய கல்யாண மண்டபம் 1965இல் யூசோப் இஸ்ஹாக் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. அம்மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பார்கள். 1970களின் இறுதியில் எழுந்த இராஜகோபுரமும் அவர்தம் கொடையால் ஆனது. 1978இல் கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1980இல் பிள்ளையவர்கள் மறைந்தார்.

கோயிலின் அருகிலேயே ரேஸ் கோர்ஸ் சாலையில் லியோங் சான் சீ சீனக் கோயிலும், 1927இல் தாய்லாந்துப் பிக்கு ஒருவர் நிறுவிய சாக்கிய முனி புத்த கயா ஆலயமும் எதிரெதிரே நிற்கின்றன. பெருமாளைச் சேவித்துவிட்டு அங்கேயும் ஊதுவத்தி ஏற்றிச் செல்லும் தமிழ்த் தாய்மார்களைக் காணலாம். இங்கே வந்து தேங்காய் உடைக்கும் சீன அன்பர்களும் உண்டு. அதற்கு எந்த வட்ட மேசை மாநாடும் தேவைப்படவில்லை.

கோயிலுக்கு அடுத்துப் பள்ளி. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மடம் 1932இல் கட்டடம் எழுப்பியது. விவேகானந்தர் பெயரில் சிறுவர்க்கும், சாரதாமணி தேவியார் பெயரில் சிறுமியர்க்கும் அது தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது. நகராண்மைத் தொழிலாளியின் பிள்ளைகள் 'அ' எழுதக் கற்றது இத்தகைய பள்ளிகளிலேதான். அந்தப் பள்ளிகள் மூடப்பட்டதற்கு ஆளைக் குறைசொல்வது எளிது. ஆங்கிலம் கற்றால்தான் வேலை என்று பெற்றோர் கண்டனர், பிள்ளைகளை அங்கே அனுப்பினர், வகுப்பறைகள் காலியாயின. உண்மை அவ்வளவே. 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி சிங்கப்பூரில் முடிவுற்றது. அதே புலவர் பெயர் தாங்கிய தமிழ் மொழி நிலையம் 1983இல் தொடங்கப்பட்டு, இப்போது ஃபேரர் பார்க்குக்கு அருகே பீட்டி சாலையில் இயங்குகிறது. மாலை வேளைகளில் தோளில் பையுடன் அங்கே செல்லும் மாணவர்களைக் காண்கையில், பாதி துயரமும் பாதி ஆறுதலும் ஒருங்கே தோன்றும்.

இவ்வாறு கோயிலும் பள்ளியுமாக ஊர் அமைத்தது சிங்கப்பூர்த் தமிழர் மட்டும் அல்லர். 1860ஆம் ஆண்டு நவம்பரில் 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 1,52,000 இந்தியர் நேட்டால் மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். டோங்காட், மவுண்ட் எட்ஜ்கோம் முதலிய சிற்றூர்களில் அவர்கள் முதலிற் கட்டியது கோயில். அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆயினும் தைப்பூசத்தில் காவடி எடுப்பதை விடவில்லை. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தினால் டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இந்தியர்கள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டபோது வீடுகள் இடிக்கப்பட்டன. கோயில்கள் சில மட்டும் ஆளற்ற வெளியில் நின்றன. திருவிழா நாள்களில் மக்கள் தொலைவிலிருந்து அங்கே திரும்பி வந்து கும்பிட்டார்கள். சிங்கப்பூரில் நிகழ்ந்தது அத்தகைய கொடுமையன்று. இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களுக்கு நல்ல வீடு தந்தது. ஆயினும் ஒன்று பொதுவானது. அங் மோ கியோவிலும் ஈசூனிலும் ஜூரோங்கிலும் குடியேறிய குடும்பங்களுக்குக் குழந்தையின் முதல் மொட்டையும், மகளின் திருமணமும், தைப்பூசப் பாற்குடமும் இன்றும் சிராங்கூன் சாலையிலேதான்.

1989இல் இப்பகுதி மரபுடைமை பேணும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 'லிட்டில் இந்தியா' என்ற பெயர் நிலைத்தது. சுற்றுப்பயணிகளுக்கு அது வசதியான பெயர். ஆனால், வீட்டில் எவரும் 'லிட்டில் இந்தியாவுக்குப் போய்வருகிறேன்' என்று சொல்லக் கேட்டதில்லை. 'தேக்காவுக்குப் போகிறேன்' என்பார்கள். தேக்கா சீனச் சொல்லாக இருந்தாலும், தமிழர் வாயில் அது தமிழாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இவ்வட்டாரத்திற்கு வருவோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ஆறு நாள் உழைத்த தமிழக, வங்காளதேச இளைஞர்கள் இங்கேதான் ஊர்க்காரரைச் சந்திக்கிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். திடலில் அமர்ந்து பேசுகிறார்கள். 2013 டிசம்பர் 8ஆம் நாள், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் கூடுமிடத்தில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு உயிரிழந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது. வாகனங்களைக் கொளுத்தியதை எவரும் நியாயப்படுத்த முடியாது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆயின், அதன்பின் சில வீடுகளிலும் சில ஆலய வாசல்களிலும் எழுந்த பேச்சு வருந்தத்தக்கது. 'இவர்களால் நமக்குக் கெட்ட பெயர்' என்றார்கள் சிலர். 'இவர்கள்' யார், 'நாம்' யார்? சுண்ணாம்பு சுட்டவனும் மாடு மேய்த்தவனும் லயனில் படுத்தவனும் கப்பலேறி வந்தபோது, அவனைப் பார்த்துத் துரைமார்கள் பேசிய பேச்சும் இதே பேச்சுத்தான். 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றால் அத்தொழிலாளர்கள் மாதக்கணக்கில் தங்குமிடங்களைவிட்டு வெளியேற முடியாதிருந்தபோது, தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடந்தது. கடைக்காரர்கள் அப்போதுதான் அவர்களின் அருமையை வாய்விட்டுச் சொன்னார்கள்.

அதே தொற்றினால் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தைப்பூச நடை ஊர்வலம் இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் வரையிலான சுமார் நான்கு கிலோமீட்டர் பாதையில் ஒரு காவடியும் ஆடவில்லை. 2023இல் மீண்டும் ஊர்வலம் புறப்பட்டபோது, பெருமாள் கோயில் வாசலில் கண்ணீர் விட்ட முதியோர் பலர்.

பழைய நீச்சற் குளமும் குத்துச்சண்டைக் கூடமும் இருந்த திடலில் ஏறத்தாழ 1,600 புதிய வீடுகள் எழும்பும் என அண்மை ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டுள்ளது. குதிரை ஓடிய தரையில், நாற்பதினாயிரம் வீரர் அமர்ந்த தரையில், மீண்டும் குடும்பங்கள் வாழப்போகின்றன. அவ்வீடுகளுக்கு வரும் பிள்ளைகள் இந்த ஊரின் பழம்பெயரைக் கேட்டால் விடை சொல்ல ஆள் வேண்டும். பால்வண்டி தள்ளிய தாத்தாவின் படம், லயன் வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படம், பள்ளிச் சான்றிதழ், கோயில் வரி ரசீது ஆகியவை எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருக்குமானால், அவற்றைக் குப்பையில் போடுமுன் ஆலய அலுவலகத்தில் காட்டுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்வது இவ்வுரையின் ஒரே விண்ணப்பம். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்தாலும் போதும்.

இவ்வட்டாரத்துப் பலகைகளில் தமிழ்ப் பெயர் அறவே இல்லை என்றும் சொல்லிவிட இயலாது. சிங்கப்பூரின் தொடக்ககால இந்திய மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் வீராசாமியின் நினைவாக வீராசாமி சாலை இருக்கிறது. மற்றொன்று கோயிலின் அருகிலேயே இருக்கிறது. மிகச் சிறிய சாலை. வேகமாக நடந்தால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பலகையில் 'பெருமாள் சாலை' என்றிருக்கும். எந்த ஆளுநரும் அங்கே நினைவுகூரப்படவில்லை; 26 ரூபாய் 8 அணா கொடுத்து வாங்கிய நிலத்தில் குடிகொண்டவரின் பெயர் அது. தைப்பூசத்திற்கு முன்னிரவில் முதற் பாற்குடங்கள் புறப்படும் நேரம், குடங்களை நிரப்ப அன்பர்கள் கோயிலைச் சூழ்ந்து காத்து நிற்பார்கள். ஒரு காலத்தில் இச்சாலைக்குக் கூப்பிடு தூரத்திலேயே கறவை மாடுகள் நின்றன. இன்று பால், கடைப் பெட்டிகளில் வருகிறது.